பச்சிலையும் புற்றுநோயும்

புற்றுநோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் மருந்தே கிடையாது என்றும், அறுப்பதும் கரண்டு வைப்பதும் கீமோ என்கின்ற விஷத்தை ஏற்றுவதுமே டாக்டர்களுக்குத் தெரிந்த வித்தை என்றும், நமது நாட்டுப் பச்சிலைகளிலேயே அதற்குக் கைகண்ட மருந்து இருக்கின்றதென்றும், மருந்துக் கம்பெனிக்காரர்கள் அதை மறைத்து வைத்துக் கொள்ளையடிக்கின்றார்களென்றும் ஒரு பேச்சு இப்போது ஊரெங்கும் நடக்கின்றது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பேச்சு, சந்தையில் பாம்பையும் கீரியையும் காட்டிக் கூட்டம் சேர்ப்பவன் வாயோடு நின்றுவிடும். இப்போது கைப்பேசி வந்துவிட்டபடியால், படித்தவர், பட்டம் பெற்றவர், பள்ளிக்கூட ஆசிரியர் எல்லோருமே காலையில் எழுந்தவுடன் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குகின்றார்கள்.

இதைப்பற்றி எழுத வேண்டிவந்த காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம். சென்ற மாதம் ஒரு கூட்டத்துக்காக நெய்வேலிக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து ஜனங்கள் கலைந்தபின், சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாய் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய துணைவியாருக்கு மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததால் அந்த அம்மையார் மூன்று மாதம் புருஷனிடத்தில்கூடச் சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் சதையெடுத்துச் சோதித்துப் புற்று என்று சொல்லி, மருந்தேற்றி அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து உறவினர் ஒருவர், பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு “வைத்திய”ரிடம் அழைத்துப் போனார். நித்திய கல்யாணி இலைச்சாறு, முள் சீத்தா இலைக் கஷாயம், பெயர் சொல்லாத ஒரு சூரணம். 48 நாள் ஒரு மண்டலம். ஒரு மண்டலம் போய் இரண்டாவது மண்டலமும் முடிந்தது. கட்டி எலுமிச்சம்பழ அளவாகி, அக்குளிலும் ஒன்று தட்டுப்படுகின்றது. வைத்தியரைக் கேட்டால், உள்ளே இருக்கும் விஷம் வெளியே வருகின்றது, மூன்றாவது மண்டலத்தில் கரைந்துவிடும் என்கின்றாராம்.

கட்டி சிறுத்தால் மருந்து வேலை செய்கின்றது. பெருத்தாலும் மருந்து வேலை செய்கின்றது! இந்த வைத்தியத்துக்குத் தோல்வி என்பது எப்படித்தான் வரும்? 48 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? கட்டிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா?

ஆனால், அந்தத் தோழர் கேட்ட கேள்வி அவ்வளவு இலேசானதல்ல. “அய்யா, நித்திய கல்யாணிச் செடியிலிருந்துதான் ஆஸ்பத்திரிப் புற்றுநோய் மருந்தே செய்கின்றார்களாமே, அது பொய்யா? மெய்யானால் அந்த இலையையே அரைத்துக் குடித்தால் என்ன குற்றம்?” என்று கேட்டார். அதைப் பரிகாசம் செய்து தள்ளிவிடுவது யோக்கியமாகாது. ஏனென்றால் அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை.

நித்திய கல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்றும் வின்கிரிஸ்டின் என்றும் இரண்டு மருந்துகள் எடுக்கப்படுகின்றன. 1950-களில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்று வந்ததென்றால் சாவு நிச்சயம் என்றே டாக்டர்களும் எண்ணியிருந்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் முறையாகச் சிகிச்சை பெற்றால், அக்குழந்தைகளுக்கு அதிகமாய் வரும் வகையில் 100-க்கு 80, 90 பேர் பிழைக்கின்றார்கள். அதற்குக் கொடுக்கப்படும் பல மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து மானாவாரிக் காட்டில் நம் விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மூட்டை மூட்டையாக விற்றிருக்கின்றார்கள். ஆகவே, செடியில் மருந்து இல்லை என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்த மருந்து எப்படி வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்தச் செடியின் பெயரையே பாருங்கள். ஓரிடத்தில் நித்திய கல்யாணி. மற்றோரிடத்தில் சுடுகாட்டு மல்லி. ஒருவர் கல்யாணம் என்கின்றார், மற்றவர் சுடுகாடு என்கின்றார். இரண்டு பேருக்கும் அதற்குள் என்ன இருக்கின்றதென்பது தெரியாது. நமது முன்னோர் கண்ட மூலிகை என்று இதைச் சொல்லுகின்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது நம் நாட்டுச் செடியே அல்ல; ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்திலுள்ள மடகாஸ்கர் தீவிலிருந்து உலகமெல்லாம் பரவியது. பல தேசங்களில் நாட்டு வைத்தியர்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்ததும் பெரும்பாலும் நீரிழிவுக்குத்தான்.

1952-இல் ஜமைக்காத் தீவிலிருந்து இந்த இலை கொஞ்சம் கனடா தேசத்துக்குத் தபாலில் போயிற்று. அந்தத் தீவில் நீரிழிவுக்காரர்கள் இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கின்றார்கள், பரீட்சை செய்து பாருங்கள் என்று குறிப்பு. அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் அதை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாதாரண மனிதர் அங்கேயே விட்டிருப்பார். அவர் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை, எலிகள்தான் செத்தன. ஏன் செத்தன என்று அறுத்துப் பார்த்ததில், உடம்பில் சீழ் பிடித்திருந்தது; ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயிருந்தன. வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள், அந்த அணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் ரத்தப் புற்றையும் அடக்கலாமல்லவா என்று எண்ணினார். சார்லஸ் பீர் என்ற ரசாயன நிபுணர் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1958-இல் அதை வெளியிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியாரும் தனியே ஆராய்ந்து அதே செடிக்கு வந்து சேர்ந்தார்கள். 1963-இல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது.

பரம்பரை சொன்ன நீரிழிவு அந்தப் பரீட்சையில் நிற்கவில்லை. பரம்பரை சொல்லாத புற்றுநோய்க்கு அது மருந்தாயிற்று. வாயால் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஊசியில் கொடுத்தபோது எலி செத்தது. அந்தச் சாவை மறைக்காமல், எழுதிவைத்து, ஏன் என்று கேட்டதினாலேயே மருந்து கிடைத்தது. நம் மண்டலக் கணக்கு வைத்தியர் தம்மிடம் வந்து செத்தவர்களின் கணக்கை எந்த நோட்டில் எழுதிவைத்திருக்கின்றார்?

நிற்க, இலையை அரைத்துக் குடித்தால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுப்பதற்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதைவிடவும் குறைவாகவே இலையில் இருக்கின்றது. மற்றொரு பக்கம், இந்த வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்குக்கூட ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதிகமானால் நரம்பு கெடும். அதை ரத்தக் குழாயில் ஏற்றுவதற்குப் பதிலாக முதுகுத் தண்டில் ஏற்றிவிட்டால் ஆள் பிழைப்பது அரிது. அப்படிச் செத்தவர்கள் உலகத்தில் உண்டு. ஆகவே, அரைத்துக் குடிக்கும் சாற்றில் மருந்து போதாமலிருந்தால் அதனால் பயன் இல்லை. போதுமான அளவு இருக்கின்றதென்றால், அது அளவு தெரியாத விஷம். இந்த இரண்டில் எதை வைத்தியர் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அன்றியும், மார்புப் புற்றுக்கு டாக்டர்கள் முதலில் கையில் எடுப்பது இந்த மருந்தையுமல்ல. புற்று என்ற ஒரு பெயருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சூரணம் என்கின்றவர், எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று சொல்லும் பேர்வழியே ஆவார்.

நெய்வேலித் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. அதைக் கண்டு யாராவது அந்தக் கறுப்புச் சேற்றை வீட்டு மூலையில் குவித்து, அதில் கம்பியைச் சொருகி, விளக்கு எரியும் என்று காத்திருந்தார்களா? பூமியில் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு கனம், எவ்வளவு சாம்பல், அடியில் நீர் எவ்வளவு வேகத்தில் பீறிடும் என்று அளந்தார்கள். 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1961-இல் நிலக்கரி கண்டார்கள். அதன் பிறகுதான் மின்சாரம். இன்றைக்கும் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஏறக்குறைய ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை வெட்டி அகற்ற வேண்டியிருக்கின்றது. அந்த மண்ணை அள்ளும் தொழிலாளியிடத்தில் வந்து, “நிலக்கரி இந்த மண்ணிலிருந்துதானே வருகின்றது, மண்ணையே கொதிகலனில் போடு” என்று ஒருவன் சொன்னால் அவர் என்ன சொல்லுவார்? அதையேதான் இலைச்சாறு விற்பவர் சொல்லுகின்றார்.

நித்திய கல்யாணி ஒன்றே அல்ல. அமெரிக்க தேசத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1960 முதல் 1982 வரையில் சுமார் 35,000 செடி மாதிரிகளின் சாறுகளைச் சோதித்தார்கள். அவற்றில் மருந்தாகத் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள யூ என்னும் மரத்தின் பட்டையை 1962-இல் எடுத்தார்கள். அதிலுள்ள பொருள் இன்னதென்று 1971-இல் மன்ரோ வால் என்பவரும், நம் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி என்பவரும் தங்கள் சகாக்களோடு கண்டார்கள். பேக்ளிடாக்சல் என்ற மருந்தாக அதற்கு அனுமதி கிடைத்தது 1992-இல். முப்பது வருஷம்! பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு மரம் போதாது. ஆகையால் பிறகு இலையிலிருந்து ஒரு பொருளை எடுத்து அதை மருந்தாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். சீனத்து மரம் ஒன்றில் 1966-இல் காம்ப்டோதெசின் என்ற பொருளைக் கண்டார்கள். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் துர்நாற்றமுள்ள ஒரு சிறு மரத்தில் ஏராளமாயிருக்கின்றதென்று 1972-இல் எழுதியவர், சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் ரசாயனம் போதித்திருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகா விசுவநாதனும் ஆவார்கள். அந்தப் பொருளை முதலில் மனிதருக்குக் கொடுத்தபோது மூத்திரப்பையில் ரத்தம் கசிந்தது, நிறுத்திவிட்டார்கள். பிறகு அதன் அமைப்பைத் திருத்தி, 1990-களில்தான் இரண்டு மருந்துகளாக வெளிவந்தது.

செடிகளில் இருக்கும் இந்தப் பொருள்கள் மனிதனுக்கு உபகாரம் செய்ய உண்டானவையல்ல. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் ஆட்டையும் விரட்டவே பெரும்பாலும் செடி இவற்றை வைத்துக்கொண்டிருக்கின்றது. உடம்பில் ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, வீடு கட்டச் சாரம் கட்டுவதுபோல் நுண்ணிய இழைகளைக் கட்டிக்கொள்ளுகின்றது. வேலை முடிந்ததும் பிரித்துவிடுகின்றது. நித்திய கல்யாணி மருந்து அந்தச் சாரத்தைக் கட்டவிடாது. யூ மரத்து மருந்து கட்டியதைப் பிரிக்கவிடாது. எந்த வழியானாலும் அணு பெருக முடியாமல் சாகின்றது. புற்று அணு வேகமாய்ப் பெருகுவதால் அதற்கு அடி அதிகம். மயிர்க்காலில் உள்ள அணுவும், குடலில் உள்ள அணுவும், ரத்தம் ஊறும் எலும்பு மச்சையின் அணுவும் வேகமாய்ப் பெருகுகின்றவையே. அதனால் மயிர் கொட்டுகின்றது, வாய் புண்ணாகின்றது, காய்ச்சல் வருகின்றது. ரசாயன மருந்து விஷம், மூலிகை அமுதம் என்று பிரித்துப் பேசுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கீமோ என்று அவர்கள் பயமுறுத்துவதிலேயே பல மருந்துகள் மூலிகையிலிருந்து வந்தவைதான்.

இனி, கைப்பேசியில் வரும் மற்றச் சரக்குகள். புற்றுநோய் நோயே அல்ல, வைட்டமின் பி17 குறைவு என்று ஒரு செய்தி வருஷக்கணக்காய்ச் சுற்றுகின்றது. அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. பாதாம் வகைக் கொட்டைகளிலும் ஆப்ரிகாட் விதையிலும் உள்ள ஒரு கசப்புப் பொருளுக்கு வியாபாரிகள் வைத்த பெயர் அது. உடம்பில் போனால் சயனைடு உண்டாகும். 1982-இல் அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்கும் குணமில்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது. முள் சீத்தா கீமோவைவிடப் பதினாயிரம் மடங்கு வலிமையுள்ளது என்பது மற்றொன்று. கண்ணாடிக் குழாயில் சில அணுக்கள் செத்ததை வைத்துக் கட்டிய கோட்டை அது. கண்ணாடிக் குழாயில் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும் புற்று அணு சாகும்! குவாதலூப் என்னும் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் விடாது உட்கொண்டவர்களிடையே கைகால் விறைக்கும் ஒருவகை நடுக்குவாதம் அதிகமாயிருப்பதை 1999-இல் டாக்டர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு பழம் தின்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. மண்டலக்கணக்கில் குடிப்பவர்கள் பயப்படத்தான் வேண்டும்.

பெரிய மனிதர்களும் இதற்கு உடந்தை. 2024 நவம்பரில், கிரிக்கெட் ஆட்டக்காரராயிருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்து, தம் துணைவியார் மார்புப் புற்றிலிருந்து மீண்டதைப்பற்றிப் பேசும்போது வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை நீர், பட்டினி ஆகியவற்றை வெகுவாய்ப் புகழ்ந்தார். தேசமெங்கும் அந்தப் பேச்சு ஓடிற்று. அந்த அம்மையாருக்கு அறுவையும் மருந்தேற்றலும் நடந்த செய்தி மட்டும் அவ்வளவு வேகமாய் ஓடவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் டாக்டர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். சித்துவும் பிறகு, எல்லாம் டாக்டர்களைக் கலந்தே நடந்தது என்றார். சட்டம் இல்லாமலும் இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. சுவரெழுத்துக்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

தள்ளிப்போடுவதால் என்ன கேடு என்பதற்கும் கணக்கு இருக்கின்றது. பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்க்குச் சரியான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்ட 281 பேரை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 2018-இல் வெளியிட்டார்கள். சாவின் அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாகக் கூடிய நோயில்தான் வித்தியாசம் பெரிதாய்த் தெரிகின்றது என்பது மிகக் கொடுமையான விஷயம். நெல்லிக்காய் எலுமிச்சையான அந்த ஆறேழு மாதம் இதில்தான் சேரும்.

ஆயினும், குற்றம் முழுவதையும் வைத்தியர்மேலும் நோயாளிமேலும் போட நாம் தயாராயில்லை. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, பல வருஷம் போராடி, 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். அது முதல் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றது. சர்க்கார் காப்பீட்டில் ஏழைகளுக்கும் சிகிச்சை கிடைக்கின்றது. ஆனால், கிராமத்திலிருந்து போகும் ஒரு கூலிக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகின்றது. கூடப் போகின்றவருக்கும் போகின்றது. வரிசையில் காலையிலிருந்து நின்றால், டாக்டர் நிமிர்ந்து பார்த்து இரண்டு வார்த்தை பேச நேரமில்லை. வைத்தியரோ திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசுகின்றார். பொய்யை அன்பாய்ச் சொல்லுகின்றவரிடம், மெய்யைக் கடுகடுப்பாய்ச் சொல்லுகின்றவர் தோற்றுத்தான் போவார். இதை டாக்டர்கள் தங்கள் காரியம் அல்ல என்று எண்ணக்கூடாது. அதோடு, மார்பில் கட்டி கண்ட ஒரு பெண் மூன்று மாதம் வாய் திறவாமலிருந்தாளே, அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எந்த வைத்தியரும் அல்ல. கற்பு, மானம் என்று சொல்லி நாமெல்லோரும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததுதான்.

சித்த வைத்தியத்தோடு நமக்கு விரோதமில்லை. அதில் நல்ல பொருள் இருக்குமானால் பரீட்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை. 35,000 செடி மாதிரிகள் ஏறிய தராசில் அதுவும் ஏறட்டும். சமையலில் மஞ்சளைப் போடுவதையும் நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சிகிச்சையில் இருக்கும்போது சூரணமோ கஷாயமோ சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் ஈரலில் புகுந்து, ஏற்றிய மருந்தின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ விடும். அதைக் கேட்டுச் சீறி விழுகின்ற டாக்டர் இருந்தால், அவரை விட்டு வேறு டாக்டரிடம் போங்கள், வைத்தியரிடம் போகாதீர்கள்.

அன்றிரவு அந்தத் தோழரின் வீட்டுக்குப் போனோம். அம்மையார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அறுவையைவிட மயிர் கொட்டுவதுதான் அவருக்குப் பெரிய பயமாயிருந்தது. முடி திரும்ப முளைக்கும் என்று சொன்னபிறகு, “எத்தனை மாசத்துல அய்யா?” என்று ஒன்றுதான் கேட்டார். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் என்றோம். இரண்டு நாளில் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். நோய் அக்குள் வரைக்கும்தான் வந்திருக்கின்றது, அதற்கு மேல் பரவவில்லை, முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கிப் பிறகு அறுவை என்று சொல்லியிருப்பதாகத் தோழர் கடிதம் எழுதியிருக்கின்றார். ஏற்றப்போகும் மருந்துகளின் பெயர்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கின்றார். அதில் ஒன்று பேக்ளிடாக்சல்.

வாசலில் இருக்கும் நித்திய கல்யாணிச் செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்கின்றார். பிடுங்க வேண்டாம். பூ நன்றாயிருக்கின்றது, ஆடுகூட அதில் வாய் வைப்பதில்லை.